அலுவலகத்தில் வன்முறை: ஊழியரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் 2023 ஏப்ரல் 25 அன்று, கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தமது அலுவலகத்தில் பணியில் இருந்தபோது இருவரால் அரிவாளால் வெட்டப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் அவர் உயிர் பிழைக்கவில்லை. தாமிரபரணி ஆற்று மணல் கடத்தப்படுவது குறித்து அம்மாதம் 13 அன்று அவர் காவல்துறையில் புகார் அளித்திருந்தார். குற்றவாளிகள் இருவருக்கும் அவ்வாண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

ஆதிச்சநல்லூரிலும் முன்பு பணியாற்றியவர் அவர். ஆகவே இவ்வட்டார மக்களுக்கு அது தொலைவில் நடந்த செய்தி அன்று. நம் வாசகர்களின் இல்லங்களிலும் வருவாய்த்துறை, வங்கி, அஞ்சலகம், துறைமுக அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றில் பணிபுரிவோர் உள்ளனர்.

மிரட்டலை மறைக்காதீர்கள்

பெரும் தாக்குதலுக்கு முன் பெரும்பாலும் சிறு அறிகுறிகள் தோன்றும்: மிரட்டும் தொலைபேசி அழைப்பு, வழிமறித்துப் பேசுதல், வீட்டருகே நோட்டமிடுதல். இவற்றை நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகிய விவரங்களுடன் எழுதி வையுங்கள். மேலதிகாரிக்கு எழுத்து வடிவில் தெரிவித்து, அதன் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் அளித்து ஏற்புச்சீட்டு வாங்குங்கள். வீட்டாருக்கும் சொல்லுங்கள். மிரட்டலுக்கு உள்ளானவர் அலுவலகத்தில் தனித்து இருக்க நேராதவாறு பணியை அமைப்பது மேலதிகாரியின் கடமை.

சினத்துடன் ஒருவர் வரும்போது

குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். இரண்டு கை நீளத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். வெளியேறும் வாயில் உங்களுக்கு அருகில் இருக்குமாறு நில்லுங்கள். உங்களால் செய்ய இயலாததைச் செய்வதாக வாக்களிக்காதீர்கள். அவர் ஆயுதம் வைத்திருந்தால் வாதிடாதீர்கள்; பிடுங்க முயலாதீர்கள். பொருளையும் கோப்பையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள். இயலாவிடில் ஓர் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டு, 112 என்ற எண்ணை அழையுங்கள்.

காயமுற்றவருக்கு முதலுதவி

108 ஊர்தியை அழையுங்கள். குருதி கசியும் இடத்தில் தூய துணியை வைத்து இடைவிடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலும் ஒரு துணியை வைத்து அழுத்துங்கள். உடலில் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கக் கூடாது. காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ இடக் கூடாது. உண்ணவோ பருகவோ எதுவும் தர வேண்டா. தலையில் அடிபட்டவருக்கு வெளிக்காயம் இல்லாவிடினும், வாந்தி, மயக்கம், கடும் தலைவலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

காவல்துறை வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. உயிர் காப்பதே முதற்கடமை என உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. எப்போது, எங்கே, எதனால் தாக்கப்பட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அச்சத்தால் "தவறி விழுந்துவிட்டேன்" என்று சொன்னால், விபத்துப் பதிவேட்டிலும் அவ்வாறே பதிவாகும். பின்னர் வழக்கு வலுவிழக்கும். குருதி படிந்த உடைகளைத் துவைக்காமல் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவு அழியாமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் உள்ளவர்கள், பணியின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு உதவித்தொகை கோரலாம்.

உடற்காயம் ஆறிய பின்னும் உறக்கமின்மை, திடுக்கிடுதல், அலுவலகம் செல்ல அச்சம் ஆகியவை நீடிக்கலாம். இது கோழைத்தனம் அன்று. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். "நடந்ததை மறந்துவிடு" என்று வற்புறுத்தாமல், அவர் பேச விரும்பும்போது கேட்பதே குடும்பத்தார் செய்யும் பேருதவி.

நோயாளிகளுடன் வருவோருக்கு

மருத்துவமனையும் பலருக்குப் பணியிடமே. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். தாயின் நோயால் எழுந்த துயரமே சினமாக மாறியது. துயரம் மெய்யானது, ஆயினும் கத்தி அதற்கு மருந்தாகாது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு, தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

சிகிச்சையில் ஐயமோ குறையோ இருப்பின், நிலைய மருத்துவ அலுவலரையோ கண்காணிப்பாளரையோ சந்தித்துக் கேளுங்கள்; 104 என்ற எண்ணிலும் முறையிடலாம். நோயின் நிலையைத் தெளிவாகக் கேட்டறிவது உங்கள் உரிமை. அச்சமின்றிப் பணியாற்றுவது ஊழியரின் உரிமை. ஒன்று காக்கப்பட்டால்தான் மற்றதும் நிலைக்கும்.