வரி போனது, பதிவு போகவில்லை: .22 ரைபிளுக்கு முதல் சைலன்சர் வாங்குவோருக்கு

அமெரிக்காவில் .22 ரிம்ஃபயர் ரைபிளுக்கான சைலன்சரைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் காசு கொடுத்த கையோடு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியோடும் குட்டைக் குழல் ரைபிளோடும் சைலன்சரையும் ஒரே பட்டியலில் வைத்தது. ஒவ்வொரு சைலன்சரும் மத்திய அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்பது அதன் விதி. அந்த 200 டாலர் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான வரியைப் பூஜ்யமாக்கியது.

பூஜ்யமானது வரி மட்டும்தான். படிவம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, பதிவேடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று கேட்டு வழக்குகள் தொடரப்பட்டிருக்கின்றன. வழக்கு நடப்பதால் மட்டும் சட்டம் ஓய்ந்துவிடாது. பதிவில்லாத சைலன்சர் கையில் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது. 'இப்போதெல்லாம் சும்மா வாங்கலாமாம்' என்ற பேச்சை நம்பி இதில் மாட்டிக்கொள்வதுதான் புதிதாக வாங்குவோருக்கு இன்றுள்ள பெரிய ஆபத்து.

சட்டத்தில் இதன் பெயர் சைலன்சர். கடைக்காரர்களும் சுடுபவர்களும் சொல்வது சப்ரெசர். ஹிராம் பெர்சி மாக்சிம் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிப் புகைக்குழாயின் ஒலியைத் தணிக்கும் வேலையிலும் அவர் ஈடுபட்டார். மோட்டார் சைக்கிள் சைலன்சர் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. குழல் முனையிலிருந்து பீறிடும் சூடான வாயுவை ஒரு குழாய்க்குள் அடுத்தடுத்துள்ள தடுப்புத் தகடுகளில் மோதவிட்டு, வேகமும் வெப்பமும் தணிந்த பிறகு வெளியே விடுகிறது.

ஒலி அடங்கிப்போகும் என்பது சினிமா தந்த நம்பிக்கை. காப்பில்லாத காதுக்கு 140 டெசிபல் உச்ச ஒலிதான் எல்லை என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கின்றன. .22 எல்.ஆர். ரைபிளின் சத்தம் ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்கிறது. நல்ல சைலன்சர் ஒன்று அதை 115 முதல் 120 டெசிபல் அளவுக்கு இறக்கும். 20 டெசிபல் குறைந்தால் ஒலி அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது. காதுக்கு இது பெரிய நிம்மதி. ஆனாலும் நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் சுடுபவரும், பக்கத்தில் நிற்கும் குழந்தையும் காதுக்காப்பு அணியத்தான் வேண்டும். காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சல் ஒருமுறை வந்துவிட்டால் அதைத் துடைத்தெடுக்க மருந்து இல்லை. விளம்பரத்தில் டெசிபல் எண்ணைப் பார்த்தால், அது குழல் முனைக்குப் பக்கவாட்டில் அளந்ததா, சுடுபவரின் காதருகே அளந்ததா, எந்தத் தோட்டாவில், எந்த ரைபிளில் அளந்தது என்று கேட்க வேண்டும். இவை சொல்லப்படாத எண்ணை வைத்து இரண்டு பொருளை ஒப்பிட முடியாது.

இன்னொரு சத்தத்தைச் சைலன்சரால் தொடவே முடியாது. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் சாட்டை சொடுக்கியது போன்ற வெடிப்பொலி வழி நெடுக எழும். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதிவேக .22 தோட்டாக்கள் 380 மீட்டரைத் தொடுகின்றன. 'சப்சானிக்' என்று விற்பவை 320 மீட்டர் அளவில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே, சாதாரண வேகத் தோட்டா 326 மீட்டர் அளவில் வருகிறது. கோடையில் அமைதியாக இருந்த அதே தோட்டா, குளிர் காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி இறங்கிய காலையில் சொடுக்கத் தொடங்கும். ஒலியின் வேகமே அப்போது 325 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. சைலன்சர் கெட்டுவிட்டது என்று புகார் எழுத உட்காருமுன் தோட்டாப் பெட்டியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. தானே மறுபடி நிரப்பிக்கொள்ளும் ரைபிள்களில் சப்சானிக் தோட்டா சில நேரம் சரியாக இயங்காது; போல்ட்டைக் கையால் இழுக்கும் ரைபிளில் அந்தத் தொல்லை இல்லை, பின்பக்கம் வாயு கசியும் சத்தமும் இல்லை.

வாங்கும் உரிமை எல்லா மாநிலத்திலும் ஒன்றல்ல. 42 மாநிலங்களில் குடிமக்கள் சைலன்சர் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூ யார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டிலும் தலைநகர் வாஷிங்டனிலும் முடியாது. கனெக்டிகட்டில் வைத்திருக்கலாம், வேட்டைக்கு எடுத்துப் போகக் கூடாது. டீலரிடம் வாங்க வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கடுங்குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர், போதைப்பொருள் பயன்படுத்துபவர் ஆகியோருக்கு மத்திய சட்டம் தடை போடுகிறது. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் இந்தத் தடை மாறுவதில்லை.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் விசா. எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ சைலன்சரோ வைத்திருப்பது பொதுவாகவே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில குறுகிய விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே தவறினால் சிறையோடு நாடுகடத்தலும் சேர்ந்து வரும். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணம் யாருக்கும் வரவே கூடாது: உரிமமில்லாமல் சைலன்சரை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோவது ஆயுத ஏற்றுமதிச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

வாங்கும் முறை படிவம் 4 வழியாக நடக்கிறது. சைலன்சர் விற்கத் தனி உரிமம் பெற்ற டீலரிடம் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டியபின், வாங்குபவரின் விவரம், கைரேகை, புகைப்படம் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் அமைப்பான ஏ.டி.எஃப்.புக்கு இணையம் வழியே போகின்றன. ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரின் பெட்டகத்தில்தான் இருக்கும். முன்பு பல மாதம் ஆனது. அண்மைக் காலத்தில் சில நாளிலேயே வந்ததும் உண்டு. விண்ணப்பம் குவியும் காலத்தில் மறுபடி நீளும்.

படிவத்தில் ஒருவரின் பெயரைப் போடுவதா, அறக்கட்டளையின் பெயரைப் போடுவதா என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். ஒருவர் பெயரில் பதிந்தால் அவர் உடனிருக்கும்போது மட்டுமே மற்றவர் பயன்படுத்தலாம். அவர் வெளியூரில் இருக்கும்போது மனைவி பெட்டகத்தைத் திறந்து எடுத்தாலே சிக்கல். அறக்கட்டளை என்றால் அதன் பொறுப்பாளர்கள் எல்லோரும் வைத்திருக்கலாம். அதற்கு ஈடாக ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் விலையைவிட, எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது மரை. குழல் முனையில் மரை வெட்டிய .22 ரைபிள்களில் பரவலானது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. சில பழைய ஐரோப்பிய ரைபிள்களில் அங்குலத்துக்கு 20 மரை இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு சுற்று சுலபமாக ஏறி மூன்றாவதில் இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும். அழுத்தித் திருகினால் மரை நசுங்கும், சைலன்சர் கோணலாக உட்காரும். கோணலாக உட்கார்ந்த சைலன்சரில் குண்டு தகட்டை உரசிச் செல்லும், அல்லது முனை மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும். இதைத் தடுக்க நேர்கம்பி ஒன்று விற்கிறார்கள். தோட்டா எதுவும் இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, சைலன்சரை மாட்டி, குழலுக்குள் கம்பியைச் செலுத்தி முனைப்பக்கமிருந்து பார்த்தால், கம்பியைச் சுற்றிச் சன்னமான ஒரு வளையம்போல் இடைவெளி தெரியும். அந்த வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கம்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ரைபிள் பட்டறைக்குப் போகவேண்டிய ரைபிள். முதல் தோட்டாவுக்கு முன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதவர்கள்தான் பெரும்பாலும் தகடு உடைந்த சைலன்சரோடு தயாரிப்பாளருக்கு எழுதுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மரை பொருந்திவிட்டதே என்று வேறு துப்பாக்கியில் மாட்டுவது. .223 ரைபிளின் குண்டு ஏறக்குறைய அதே விட்டம். குழல் முனையின் மரையும் பெரும்பாலும் அதே அரை அங்குலம், 28தான். ஆனால் .22 எல்.ஆர். தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு; .223க்கு 55,000. ரிம்ஃபயர் சைலன்சர் அதைத் தாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர். ஆகியவையும் ரிம்ஃபயர்தான் என்றாலும், கையேட்டில் அவற்றின் பெயர் தனியாக அச்சாகியிருந்தால் மட்டுமே சுட வேண்டும். கடைக்காரர் வாய்மொழியாகத் தரும் உறுதி இங்கே போதாது.

எந்த உலோகம் என்பது சுத்தம் செய்யும் முறையோடு பிணைந்த கேள்வி. .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகுப் பூச்சு, சிலவற்றில் மெல்லிய தாமிரப் பூச்சு. ஒவ்வொரு சுடலிலும் ஈயத்தூளும் கரியும் தகடுகளில் படிந்து சாம்பல் நிறக் களிம்பாக இறுகும். சில நூறு தோட்டாவுக்கொரு முறை கழற்றவில்லை என்றால் தகடுகள் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ரிம்ஃபயர் சைலன்சர் சொந்தக்காரரே கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். பற்றவைத்து மூடியதை முதல் பொருளாக வாங்கக் கூடாது. அலுமினியம் இலேசானது, விலையும் குறைவு. காரமான கரைசலையும் கடுமையான சுரண்டலையும் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு கனம், ஆனால் முரட்டுக் கழுவலுக்கு ஈடுகொடுக்கும். டைட்டானியம் இரண்டுக்கும் நடுவே, விலை மட்டும் மேலே. அதிகம் சுடுகிறவருக்கு எஃகுத் தகடுகளே ஏற்றவை.

அந்தச் சாம்பல் களிம்பு நஞ்சு. குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் அளவைக் குறைத்தது. சைலன்சரைச் சமையலறை மேடையில் வைத்துக் கழற்றக் கூடாது. கையுறை போட்டு, ஈரத்துணி விரித்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைத்தால் ஈயம் கரைந்துவிடும் என்ற யோசனை சுற்றிவருகிறது. கரைவது உண்மை. கரைந்தபின் கிண்ணத்தில் இருப்பது ஈய அசிட்டேட். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கழிவுநீரில் ஊற்றினால் அங்கும் நஞ்சு. அந்த வழிக்கே போகாமல் இருப்பது நல்லது.

இணையத்தில் 'சுத்திகரிப்புத் திரவப் பிடிப்பான்' என்றும் 'எரிபொருள் வடிகட்டி' என்றும் மலிவாக வரும் குழாய்கள் இன்னொரு கண்ணி. சட்டத்தின் கண்ணில் முழுச் சைலன்சர் மட்டும் சைலன்சர் அல்ல. சைலன்சருக்கென்றே ஆன ஒரு பாகமும் சைலன்சர்தான். உதிரித் தகடு ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் அதற்குள் அடங்கும். 2022இல் இத்தகைய குழாய்களை வைத்துச் சொந்தமாகச் செய்ய அனுமதி கேட்ட விண்ணப்பங்கள் பலவற்றை ஏ.டி.எஃப். நிராகரித்தது. பெயர் மாற்றி விற்றவர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். வாங்கியவரின் முகவரி ரசீதில் இருக்கும்.

ரிம்ஃபயர் சைலன்சரை வாங்கியபின் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம். மறுவிற்பனைக்கும் புதுப் படிவம் 4 வேண்டும். அதனால் சுடுதளத்தில் வேறொருவரின் சைலன்சரை அவர் முன்னிலையில் சுட்டுப் பார்ப்பது நூறு விளம்பரத்துக்குச் சமம். ஒப்புதலுக்கு முன்பே டீலர் கடையை மூடினாலோ, பொருளைத் தர இழுத்தடித்தாலோ, கடன் அட்டையில் கட்டிய பணத்துக்கு மறுப்புத் தெரிவிக்க மத்திய சட்டம் தரும் காலம் கணக்குச் சீட்டு வந்ததிலிருந்து 60 நாள். படிவம் நிலுவையில் இருக்கும்போதே அது கரைந்துவிடக்கூடும். அதனால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குமேல் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவில் புகார் தரலாம்.

பின்னணிச் சோதனையில் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதோடு முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி கொண்ட வேறொருவரின் குற்றப் பதிவோடு குழம்புவது நடப்பதுதான். காரணம் கேட்கவும் எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. அடுத்த முறையும் அதே குழப்பம் வராமலிருக்க, தன் விவரங்களைத் தானே முன்வந்து பதிந்துவைக்கும் கோப்பு ஒன்றும் அங்கே இருக்கிறது.

ஒப்புதல் பெற்ற படிவத்தின் நகல் சைலன்சரோடு எப்போதும் போக வேண்டும். மாநில எல்லையைக் கடக்க, குட்டைக் குழல் ரைபிளுக்கு வேண்டிய முன்னனுமதி சைலன்சருக்கு வேண்டாம். ஆனால் போய்ச் சேரும் மாநிலமும் வழியில் தங்கும் மாநிலமும் அனுமதிப்பவையாக இருக்க வேண்டும். தொலைந்தாலோ திருடு போனாலோ ஏ.டி.எஃப்.புக்கு உடனே அறிவிப்பது கட்டாயம். பழுது என்றால் தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும். தெருமுனைக் கடைசலில் கொடுத்துத் தகடு செய்துகொண்டால் அது புதுச் சைலன்சரைச் செய்த குற்றமாகும். உரிமையாளர் இறந்துபோனால் சட்டப்படியான வாரிசு படிவம் 5 வழியாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்றத்துக்கு முன்பும் வரி கிடையாது. அதுவரை பொருளை விற்கவோ உறவினர் வீட்டில் கொடுத்துவைக்கவோ கூடாது. சொத்தை நிர்வகிப்பவரின் பாதுகாப்பிலேயே இருக்க வேண்டும். பதிவுத்தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருந்தால் அந்த வேலை எளிதாக முடியும்.