இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஒரு ரயிலடி

மலாக்கா நகரத்துக்கு ரயிலேறிப் புறப்படுகிறவர், அந்நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மாநில எல்லையை ஒட்டிய புலாவ் செபாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸையோ வாடகைக் காரையோ தேடிக்கொள்ள வேண்டும். அந்த நிலையத்துக்குப் புலாவ் செபாங், தம்பின் என இரட்டைப் பெயர் அமைந்திருப்பது விசித்திரம்தான். தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது; அதன் பெயரை நெடுங்காலம் தாங்கிய நிலையமோ மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்து மண்ணில் நிற்கிறது.

பிரிட்டிஷார் வகுத்த ஆட்சிப் பிரிவினைகளே இதற்கு மூலகாரணம். மலாக்கா 1826 முதல் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் சேர்த்து ஆளப்பட்ட நேரடிக் காலனி. நெகிரி செம்பிலானோ சுல்தான்களும் தலைவர்களும் பெயரளவில் ஆண்ட கூட்டு மலாய் சமஸ்தானங்களுள் ஒன்று. அதற்குள்ளும் தம்பின், துங்கு பெசார் என்னும் பட்டம் பூண்ட ஒரு வம்சத்துக்கு உரியது. ஆகவே, சமஸ்தானங்களுக்கென 1901-ல் ஒன்றாக்கப்பட்டுக் கோலாலம்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்ட ரயில்வே, காலனிக் கவர்னருடைய மண்ணில் நிலையம் எழுப்பி, துங்கு பெசாருடைய ஊரின் பெயரை அதற்குச் சூட்டியது. காலனியின் கவர்னரும் சமஸ்தானங்களின் ஹைகமிஷனரும் ஒருவராகவே இருந்தமையால், இதில் பெரிய வழக்கு எழாமற்போனது போலும்!

1905-ல் இங்கிருந்து மலாக்கா நகரத்துக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1896-ல், வணிகர் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். பின்னர் காடழித்துப் பெருந்தோட்டங்கள் பரவியபோது, பால் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள். கம்பிச் சடக்கைப் பராமரித்த கூட்டத்தாரிலும் தமிழரே மிகுதி. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி முதலிய உத்தியோகங்களுக்கோ ஆங்கிலக் கல்வி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் விரும்பி அமர்த்தப்பட்டார்கள். மொழி ஒன்றாயினும் சம்பளமும் குடியிருப்பும் வேறாக இருந்த அந்த ஏற்றத்தாழ்வு, மலாயாத் தமிழருடைய சரித்திரத்தில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

கிளைப்பாதைக்கு ஆயுள் நாற்பது ஆண்டும் நிறையவில்லை. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943 ஆண்டுகளில் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பலவந்தமாகவும் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அதே பாதையில் காலராவாலும் பட்டினியாலும் பெருந்தொகையினராக மாண்டார்கள். போர் முடிந்த பின்பும் மலாக்காவுக்குத் தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை.

எஞ்சிய பிரதான பாதையில் சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடைப்பட்ட பகுதி 2013-ல் மின்மயமான இரட்டைப் பாதையாகியது. நிர்வாகமோ இன்னும் பல கூறானது: 1992-ல் நிறுவனமாக்கப்பட்ட தேசிய ரயில்வேயான கேடிஎம் ரயில்களை ஓட்டுகிறது, நிலமும் பாதையும் ரயில்வே சொத்துக் கழகத்தின் பொறுப்பில் உள்ளன. நிலையத்து வாசலைத் தாண்டினால் அலோர் காஜா நகராண்மைக் கழகத்தின் எல்லை. சற்றே நடந்தால் தம்பின் மாவட்ட மன்றத்தின் எல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டது முதல் இவற்றின் உறுப்பினர்களை அந்தந்த மாநில அரசே நியமித்து வருவதால், ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் இருபுறத்து மக்களும் சாக்கடை அடைத்துக்கொண்டால் முறையிட வேண்டிய வாசல்கள் வெவ்வேறு.