மஞ்சளாகிப்போன ஓவியமும் வாய் திறக்காத நிறுவனமும்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் யோஹன்னஸ் வெர்மேர் வரைந்தது. சமையலறை ஜன்னலோரம் நின்று ஒரு பணிப்பெண் மண்கலத்தில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான் காட்சி. நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒரு முழம். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் அவள் இடுப்புத்துணியின் ஆழ்ந்த நீலமும் மேஜையில் கிடக்கும் ரொட்டியின் மேல் விழும் வெளிச்சமும் பார்ப்பவரைக் கட்டிப்போடும். இந்த ஓவியம் இணையத்தில் எப்படி உலவுகிறது என்று அருங்காட்சியகத்தார் தேடிப் பார்த்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அகப்பட்டன. யார் யாரோ ஏற்றியவை. பெரும்பாலானவை மங்கி, மஞ்சள் ஏறிக் கிடந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அச்சடித்து வைத்திருந்த அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள் அதை நம்ப மறுத்தார்கள். மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல் நிறம் போலியாகத் தெரிந்தது. ஐரோப்பியப் பண்பாட்டு நிறுவனங்களின் பொது இணையத் தொகுப்பான யூரோப்பியானா 2011இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, இந்தச் சங்கடத்தையே தன் தலைப்பாக வைத்துக்கொண்டது.

சமூக ஊடகத்தில் கால் வைக்கத் தயங்கும் நிறுவனம் நூலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, கல்லூரியோ, அறக்கட்டளையோ எதுவாக இருந்தாலும் அதற்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்று நினைக்கிறேன். வழக்கமாக ஆர்வலர்கள் வேறு மாதிரி தொடங்குவார்கள். இத்தனை கோடிப் பேர் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள், இத்தனை கோடிப் பேர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், நாமும் போயாக வேண்டும் என்பார்கள். அது தயங்குகிறவரை இன்னும் இரண்டடி பின்னால் தள்ளும். அத்தனை கோடிப் பேர் வந்து நிற்பதுதானே அவருடைய பயமே! அந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. பல தலைமுறைகள் சேர்த்து வைத்த பெயர் ஒரு மாலைப் பொழுதில் சந்தி சிரித்துவிடக்கூடும் என்ற கணிப்பில் தப்பே இல்லை. தப்பு அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்னோர் எண்ணத்தில் இருக்கிறது: நாம் பேசாமல் இருந்தால் நம்மைப் பற்றிப் பேச்சே எழாது என்ற எண்ணம். அந்த ஓவியத்தின் பத்தாயிரம் பிரதிகளும் அருங்காட்சியகத்தைக் கேட்டுக்கொண்டா பரவின? கூகுள் மேப்பில் யாரோ போட்டு வைத்த தவறான வேலை நேரம், எப்போதோ துண்டித்த தொலைபேசி எண், பதிலே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஒற்றை நட்சத்திரப் புகார், வாட்ஸாப்பில் சுற்றும் அரைகுறைத் தகவல் எல்லாம் நிறுவனத்தின் பெயரில்தான் உலவுகின்றன. ஆகவே கணக்குத் தொடங்குவதற்கு முன்னால், நிர்வாகக் குழுவினரை உட்காரவைத்து அவர்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடச் சொல்வது நல்லது. அரை மணி நேரம் போதும். மௌனம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அதிலேயே பாதி கரைந்துவிடும்.

ரைக்ஸ்மியூசியம் என்ன செய்தது? யார் யாரோ ஏற்றிய படங்களைத் துரத்திப் பிடித்து நீக்க முயலவில்லை. பழுதுபார்ப்புக்காகப் பெரும்பகுதி மூடிக் கிடந்த பத்தாண்டுகளின் கடைசிக் கட்டத்தில், 2012 அக்டோபரில், ரைக்ஸ்ஸ்டுடியோ என்ற இணையப் பகுதியைத் திறந்தது. 1,25,000 கலைப்பொருள்களின் துல்லியமான படங்களை அதில் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. 2013 ஏப்ரலில் கட்டடம் திறப்பதற்கு முன்பே ஓவியங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அப்போது சேகரிப்புகளின் இயக்குநராக இருந்த டாக்கோ டிபிட்ஸ், வெர்மேர் ஓவியத்தைக் கழிப்பறைத் தாளில் அச்சடிக்க ஒருவர் ஆசைப்பட்டாலும் மோசமான படத்துக்குப் பதில் நல்ல படத்தையே அவர் பயன்படுத்தட்டும் என்கிற பொருளில் பேசினார். தயங்கும் நிறுவனங்களின் தலைவர்கள் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய பேச்சு இது. பேரின் மீதான கட்டுப்பாடு கையை விட்டு எப்போதோ போய்விட்டது, தரத்தின் மீதான கட்டுப்பாடாவது மிஞ்சட்டும் என்பதுதான் அதன் உட்பொருள். படங்களை இலவசமாகக் கொடுத்தால் வருமானம் போகுமே என்ற கவலை அங்கேயும் இருந்தது. ஆனால் முதல் தொகுதியைத் திறந்துவிட்ட 2011இல், எதுவுமே திறக்காத 2010ஐ விடப் படங்களின் விற்பனை கூடியது. நடுத்தர அளவுப் படத்தை இலவசமாகப் பார்த்தவர்கள் பெரிய கோப்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பின்னாளில் அதையும் இலவசமாக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களோடு இதே பாதைக்கு வந்தது.

ரைக்ஸ்மியூசியத்துக்கு ரெம்பிராண்ட் இருக்கிறார், வெர்மேர் இருக்கிறார், பணமும் இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராம வாழ்வு அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும். 1951இல் தொடங்கியது. கலப்பை, மாட்டு வண்டி, கடைசல், கூடை, விவசாயப் பத்திரிகைகளுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவைதான் அதன் சொத்து. 2018 ஏப்ரல் 9ஆம் தேதி அதன் ட்விட்டர் கணக்கில் ஒரு படம் வந்தது. 1962இல் எடுத்த, எக்ஸ்மூர் ஹார்ன் இனத்துக் கிடா ஒன்றின் பக்கவாட்டுப் படம். உடம்பு முழுக்கக் கம்பளி பொங்கி, செவ்வகப் பெட்டிக்கு நாலு கால் முளைத்தது போல நிற்கும் கிடா. இந்த மலையைக் கொஞ்சம் பாருங்கள் என்கிற தோரணையில் ஒரே வரி. லட்சம் பேருக்கு மேல் அதை விரும்பினார்கள். சுமார் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்த கணக்கு, பிற்பாடு லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டில், கென்ட் மாவட்டத்தில் ரிச்சர்ட் பீல் என்ற பதின்மூன்று வயதுப் பையன் 1784இல் எழுதிய கணக்கு நோட்டு ஒன்றின் பக்கங்களையும் வெளியிட்டார்கள். கணக்குகளுக்கு நடுவில் அவன் கிறுக்கி வைத்த படங்களில் ஒன்று, கால்சட்டை போட்ட கோழி. அதற்கும் உலகம் கூடிச் சிரித்தது.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது: ஓர் ஆய்வு நிறுவனம் கிடாவையும் கோழியையும் காட்டி ஆள் சேர்க்க வேண்டுமா, கண்ணியம் என்னாவது? யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கிடா எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அருங்காட்சியகத்தின் சொந்த ஆவணக் கிடங்கிலிருந்து வந்தது. கால்சட்டைக் கோழியைப் பார்த்துச் சிரித்தவர், பதினெட்டாம் நூற்றாண்டு விவசாயக் குடும்பத்துப் பையன் என்ன கணக்குப் படித்தான் என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடுகிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நோட்டைத் திறந்து வைத்து, அடியில் ஆண்டும் எண்ணும் எழுதியிருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? வேறு எவரோ செய்த மீமைக் கடன் வாங்கி, அதில் நிறுவனத்தின் முத்திரையை ஒட்டினால் கண்ணியம் போகும், சந்தேகமில்லை. சொந்தச் சரக்கிலிருந்து எழும் சிரிப்பு அப்படிப்பட்டதல்ல. கண்ணியம் கண்ணியம் என்று பேசும் பல நிறுவனங்களின் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். குத்துவிளக்கேற்றல், பொன்னாடை போர்த்தல், நினைவுப் பரிசு, குழுப் படம், மறுபடி குத்துவிளக்கு. நிறுவனம் எந்த வேலைக்காக இருக்கிறதோ அந்த வேலை ஒரு படத்திலும் இருக்காது.

வேலையைக் காட்ட வேண்டுமென்றால் வேலைக்குப் பக்கத்தில் இருப்பவர் பேச வேண்டும். ரெடிங்கில் அந்த வரியை எழுதிய ஆடம் கொஸாரி அப்போது அருங்காட்சியக ஊழியர். வெளி விளம்பர நிறுவனத்தின் ஆளல்ல. இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் உண்டு. அங்குள்ள தேசிய கௌபாய் அருங்காட்சியகம் 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடியது. உள்ளே இருந்தவர் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் டிம் என்பவர்தான். ட்விட்டர் கணக்கை அவரிடமே ஒப்படைத்தார்கள். அவருக்கு ஹேஷ்டேக் போடத் தெரியாது. போடு என்றால் 'ஹேஷ்டேக்' என்ற சொல்லையே எழுத்துக் கூட்டி எழுதினார். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் கடிதம் எழுதுவது போல 'நன்றி, டிம்' என்று கையெழுத்திட்டார். தான் தினம் சுற்றிவரும் கூடங்களில் இருந்த தொப்பியையும் சேணத்தையும் படமெடுத்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பத்தாயிரத்தை எட்டாமல் இருந்த பின்தொடர்பவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். டிம்மைப் போலத் தெரியாதவர் வேஷம் போட்டால் எல்லாருக்கும் பலிக்கும் என்று இதற்குப் பொருளில்லை. வேஷம் உடனே தெரிந்துவிடும். நாலு மேஜை தாண்டி, நாலு கையெழுத்து வாங்கி வரும் அறிவிப்பில் மனிதக் குரல் செத்துப்போயிருக்கும் என்பதுதான் இதில் படிக்க வேண்டியது. எதைப் பேசக் கூடாது, யாருடைய படத்தை அனுமதி இல்லாமல் போடக் கூடாது, சிக்கல் வந்தால் யாரை உடனே கூப்பிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் ஒப்புதல் கேட்கச் சொல்லாதீர்கள். கோப்பு நகரும் வேகத்தில் சமூக ஊடகம் நகராது.

ஒப்புதல் இல்லாமல் விட்டால் விபரீதம் நடக்காதா? நடக்கும். 2014 ஏப்ரலில் நியூயார்க் காவல்துறை, எங்கள் காவலர்களோடு நீங்கள் எடுத்துக்கொண்ட படங்களை ஒரு ஹேஷ்டேக்கில் பகிருங்கள் என்று மக்களை அழைத்தது. வந்து குவிந்தவை தடியடிப் படங்கள், தரையில் அழுத்திப் பிடித்த படங்கள். 2017 செப்டம்பரில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கணக்கில் ஆசியப் பிரிவின் பொறுப்பாளர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். காட்சிக் குறிப்புகளை எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பதினாறு வயதினருக்கும் புரியும்படி எழுதுகிறோம், ஆசியப் பெயர்கள் சில சமயம் குழப்பும் என்பதால் அதிகம் சேர்க்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார்கள். தயங்குகிறவர்கள் இந்த இரண்டையும் எடுத்து வீசுவார்கள், வீசட்டும். நியூயார்க்கில் அந்தத் தடியடிகள் ஹேஷ்டேக்கால் நடந்தவையா? ஆசியப் பெயரைக் குறைத்து எழுதும் வழக்கம் ட்விட்டரிலா பிறந்தது? நிறுவனத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஏற்கெனவே இருந்த விரிசல் அன்று வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். லண்டனில் நடந்ததை ஒருவகையில் இலவச ஆலோசனை என்றே சொல்வேன். நியூயார்க்கில் நடந்தது வேறு வகைத் தவறு: கேட்காத காதோடு புகழ்ச்சியைக் கேட்டது. புகார் நிறைய உள்ள நிறுவனம் படம் பகிரச் சொல்லி அழைப்பதற்கு முன்னால் ஒரு வருடம் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

தயக்கம் முழுக்கச் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான இல்லம், குழந்தைகள் காப்பகம், மனநல மருத்துவமனை போன்றவை தங்கள் அன்றாடத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது. அவர்களுக்கு ஒழுங்கான இணையப் பக்கமும் எடுக்கப்படும் தொலைபேசியும் இருந்தால் அதுவே பெரிய இணைய இருப்பு. மற்றவர்களும் ஐந்து தளங்களில் ஒரே நாளில் கணக்குத் தொடங்கி, ஆறு மாதத்தில் கைவிட வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்தோடு நின்றுபோன பக்கத்தைப் பார்ப்பவருக்கு நிறுவனத்தை மூடிவிட்டார்களோ என்ற ஐயம்தான் வரும். ஒரே தளம், வாரத்துக்கு இரண்டு பதிவு, வரும் கேள்விக்கு மறுநாளுக்குள் பதில் என்றால் தனி ஆள் தேவைப்படாது.

ஆள் சேர்ந்துவிட்டால் பார்வையாளர்கள் வந்துவிடுவார்களா என்று கணக்கு அதிகாரி கேட்பார். லட்சம் லைக் போட்டவர்களில் பெரும்பாலோர் ரெடிங் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆறாம் மாதம் ஏமாற்றம் வந்து எல்லாம் நின்றுபோகும். அதைவிடப் பெரிய எச்சரிக்கை இன்னொன்று. 2019இல் எலான் மஸ்க் தன் ட்விட்டர் முகப்புப் படமாக அந்த ரெடிங் கிடாவை வைத்துக்கொண்டார். பதிலுக்கு அருங்காட்சியகம் மஸ்க்கின் முகத்தை வைத்துக்கொண்டது. எல்லாரும் ரசித்தார்கள். 2022 அக்டோபரில் அவர் ட்விட்டரையே வாங்கினார். 2023 ஜூலையில் அதன் பெயரும் போய் எக்ஸ் ஆயிற்று. வருடக்கணக்கில் அங்கே ஆள் சேர்த்த நிறுவனங்கள், இருப்பதா கிளம்புவதா என்று திகைத்து நின்றன. வாடகை வீட்டில் யாரும் கிணறு வெட்டுவதில்லை. படங்கள், பட்டியல், திறந்திருக்கும் நேரம், முகவரி எல்லாம் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்க வேண்டும். சமூக ஊடகம் அங்கே வழி காட்டினால் போதும். ரைக்ஸ்மியூசியத்தின் படங்கள் இன்று ஏழு லட்சத்தைத் தாண்டி அதன் சொந்தத் தளத்தில் இருக்கின்றன. எந்தத் தளத்தை யார் வாங்கினாலும் விற்றாலும் அவை அங்கேயே இருக்கும். ஆகவே ஒரு வருடம் கழித்து நிர்வாகக் குழுவின் முன் வைக்கும் தாளில் பின்தொடர்பவர் எண்ணிக்கையைக் கடைசி வரியில் போடலாம். அதற்கு மேலே வர வேண்டியவை: எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போயிற்று, சொந்தத் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், இன்று திறந்திருக்கிறதா என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் குறைந்தனவா.