செல்லப் பாம்புக்குக் குறைந்த செலவில் அடுக்குக் கூடு

கண்ணாடித் தொட்டியின் விலை கூடுதல் என்பதால், பாம்பு வளர்ப்போர் சிலர் பிளைவுட் அலமாரியில் பிளாஸ்டிக் பெட்டிகளை இழுப்பறைபோல் செருகி, வீட்டிலேயே கூடு செய்துகொள்கின்றனர்.

முதலில் பெட்டியை வாங்கி, அதன் அளவுக்கேற்பப் பலகையை வெட்ட வேண்டும். தனி மூடி தேவையில்லை, மேல்தட்டே மூடியாகிவிடும். அதனால் பெட்டி விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. தலை நுழையும் சந்தில் உடலும் நுழைந்துவிடும். காற்றோட்டத்துக்குப் பக்கங்களில் சிறு துளைகள் இட்டு, உட்புறப் பிசிறுகளைத் தேய்த்துவிட வேண்டும்.

அச்சத்தில் பந்துபோல் சுருண்டுகொள்ளும் 'பால் பைத்தான்' வகைக்குப் பெட்டியின் ஒரு முனையில் ஏறக்குறைய 31 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 26 டிகிரி வெப்பம் போதும். மலேசிய வெயிலில், குளிர்சாதன அறையில்தான் பெரும்பாலும் சூடேற்றும் பட்டை தேவைப்படும். அதை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தக் கூடாது. பலகையில் மிச்சம் பிடிக்கலாம். இதில் பிடித்தால் பாம்புக்குத் தீக்காயம், வீட்டுக்குத் தீ அபாயம்.

கூடு செய்யும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட வகைகளை வளர்க்கப் பெர்ஹிலித்தான் உரிமம் தேவை. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை.