ஐதர் அலிக்குப் பயந்து கட்டின சுவர்... வடசென்னையில் மிச்சம் இருப்பது ஒரு துண்டுதான்!

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் போய் 'மாடிப் பூங்கா' எங்கேன்னு கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். படி ஏறிப் போனால் மேலே பூங்கா. அதனால்தான் அந்தப் பெயர். ஆனா காலுக்குக் கீழே இருப்பது சாதாரண மாடி இல்லை. 250 வருஷத்துக்கு முன்னால் கிழக்கிந்திய கம்பெனி கட்டின கோட்டைச் சுவர்.

ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கும் இந்தத் துண்டு, அன்றைக்கு நகரத்தையே வளைத்து நின்ற சுவரின் மிச்சம்.

பிரெஞ்சுக்காரன் கொடுத்த அடி

1746ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1749ல்தான் ஊர் மறுபடி இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தது. 1758 டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சு தளபதி மறுபடி வந்து முற்றுகை போட்டார். 1759 பிப்ரவரி வரை சண்டை. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளே எதிரிக்கு மறைவிடம் ஆகிவிட்டன.

இதைப் பார்த்து மிரண்ட கம்பெனி, கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரத்தை தரைமட்டம் ஆக்கியது. இன்றைக்கு ஐகோர்ட் நிற்கும் இடம்தான் அது. அங்கே இருந்த நம்ம ஜனங்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை பக்கம் குடிபோனார்கள். அதுவே புதிய கறுப்பர் நகரம் ஆனது. 1906ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது.

வாசலுக்கே வந்த ஐதர் அலி

புதுசா குடிபோன இடத்துக்கு பாதுகாப்பு எதுவும் கிடையாது. 1767ல் மைசூர் குதிரைப்படை சென்னை எல்லை வரை வந்து சூறையாடியது. 1769ல் ஐதர் அலியே படையோடு வந்து நிற்க, கம்பெனி அவர் சொன்னபடி உடன்படிக்கையில் கையெழுத்து போட வேண்டியதாச்சு.

அதுக்கு அப்புறம்தான் சுவர் வேலை மளமளவென நடந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனி உத்தியோகஸ்தர், என்ஜினீயர். கூடவே ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து கொழித்தவர். இவரை 1785ல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் கிழி கிழியென்று கிழித்தார். கோடியில் புரண்ட பென்ஃபீல்ட் கடைசியில் 1810ல் பாரிசில் வறுமையில் செத்தார் என்பது தனிக்கதை.

மேற்கிலும் வடக்கிலும் சுவர் எழும்பியது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஊருக்குள் வர வாசல்கள் வைத்தார்கள். கவுனி என்றால் கோட்டை வாசல். யானைக்கவுனி என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தச் சுவரின் மேற்கு வாசல்தான்.

வால்டாக்ஸ் ரோடு வந்த கதை

சுவர் கட்டின செலவை யார் தலையில் கட்டுவது? உள்ளே குடியிருக்கும் மக்கள் தலையில்தான்! சுவருக்காக ஒரு வரி போட கம்பெனி திட்டம் போட்டது. அந்த 'வால் டாக்ஸ்'தான் ரோட்டுக்குப் பெயர் ஆனது. ஆனா வரி கடைசி வரை வசூல் ஆகவே இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். வரியும் போச்சு, சுவரும் போச்சு. பெயர் மட்டும் நின்றுவிட்டது. வ.உ.சி. சாலை என்று மாற்றின பிறகும் ஜனங்கள் வாயில் வால்டாக்ஸ் ரோடுதான்.

வெளியே பசி

1780ல் ஐதர் அலி மறுபடி படை எடுத்தார். பொள்ளிலூரில் கம்பெனி படை நொறுங்கியது. கிராமங்கள் எரிந்தன. உயிர் பிழைக்க ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். கூடவே பஞ்சமும் வந்தது. 1782ல் வடக்குச் சுவருக்கு வெளியே கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். அங்கே வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி. வடசென்னை பெரியவர்கள் அதை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவு செலவு பண்ணி கட்டின சுவரை எந்தப் படையும் வந்து முட்டவே இல்லை. 1799ல் திப்பு சுல்தான் மறைந்ததும் பயமும் போனது. ஊர் பெருத்தது, 1856ல் ராயபுரத்தில் ரயில் வந்தது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடிபட்டது.

கடலோரத்தில் இருந்த 'கிளைவ் பேட்டரி' என்ற பீரங்கி மேடையின் பெயரும் ராயபுரத்தில் இன்னும் புழங்குகிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய் டாங்குகளை எரித்தபோது, கரையில் இருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. எம்டன் தப்பிப் போய்விட்டது. அதுக்குள் சுவர் காலம் முடிந்துபோனது.

பக்கத்தில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

மிச்சம் இருக்கும் பழைய நகரச் சுவர், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுசா கட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்கிறது 2010ல் திருத்தப்பட்ட சட்டம். ஒண்டுக் குடித்தனமும் குறுகிய சந்துமாக இருக்கும் ஏரியாவில் இது சின்ன விஷயம் இல்லை. கஷ்டப்பட்டு சேர்த்த காசில் வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்றைக்கு சுவருக்காக வரி கேட்டார்கள். இன்றைக்கு சுவருக்காக பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தச் சுவர் என்ன, ஏன் கட்டினார்கள் என்பதையாவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்த முறை ஸ்டான்லி பக்கம் போனால், ஒரு எட்டு மாடிப் பூங்காவையும் பார்த்துட்டு வாங்க.