வழியிசையின் இன்பம்

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாக வகுத்தார் நன்னூலார். முன்னோர் நூலின் முடிபினை ஏற்று, தான் வேண்டிய வேறுபாடுகளையும் அமைத்து உரைப்பது வழிநூல் என்பது அவர் கொள்கை. வழிவந்தது என்பதனாலேயே ஒரு நூலைத் தாழ்ந்ததெனத் தமிழ் மரபு தள்ளியதில்லை. வான்மீகியின் வழிவந்த கம்பன் காவியமே இதற்குச் சான்று. நூலுக்கு அமைந்த இந்நீதி இசைக்கும் அமையுமா? பிறிதோர் இசையைத் தழுவிப் பிறந்த இசை, முதலிசைக்கு ஒப்பான இன்பத்தைத் தரவல்லதா? இது ஆராயற்பாலது.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுசுவரம் எனப்படும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் ஒன்று பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டிலேயே அமைந்தது. அதனை இன்று பாடும் சிறுவரின் உள்ளத்தில் அரசனும் இல்லை, படையணியும் இல்லை. பாடலுக்குரிய தேவியே நிற்கின்றாள். இதற்கு மாறாக, திரைப்பட மெட்டில் அமைந்த பக்திப் பாடலொன்று திருவிழாவில் ஒலிபெருக்கி வழியே கேட்கும்போது, கேட்போர் மனம் பெரும்பாலும் திரைக்காட்சியையே நாடுகின்றது. இரண்டும் இரவலே. எனினும் முன்னது தன் காலில் நிற்கின்றது. பின்னது முதலிசையின் நினைவிலேயே வாழ்கின்றது. வழியிசையின் தரத்தை அளக்கும் கோல் இவ்வேறுபாடே எனலாம்.

ஈழத்துக் கூத்திசையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடி என்னும் கூத்துக்கள் வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்பட்டு வந்துள்ளன. அண்ணாவியாரின் மத்தளமும், தாளமும், ஆடுவோன் பாடியதை ஏற்றுப் பாடும் பிற்பாட்டும் அவற்றின் உயிர்நாடி. தமிழ்க் கூத்து மரபினின்றே சிங்களத்தில் 'நாடகம்' என்னும் அரங்கக்கலை கிளைத்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மத்தளமும் பாட்டு மெட்டுக்களும் அவ்வழியே சென்றவை. அம்மரபைப் புதுக்கி எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழியெனச் சட்டமாக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. தமிழரங்கில் ஊறிய இசையைச் சிங்கள மக்கள் தமதெனவே கேட்டு மகிழ்ந்தனர். அதனை இரவலென எண்ணியவர் சிலரே.

அவ்வெற்றி தமிழரையும் தம் கூத்தின்பால் திரும்பி நோக்கச் செய்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1968) ஆகியவற்றை அரங்கேற்றினார். மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இவ்வாறு, வழிவந்த இசையொன்று தன் முதலிசையின் சுற்றத்தையே துயிலெழுப்பிற்று.

ஓர் இரவுக் கூத்து ஓரிரு மணித்தியாலத்துள் சுருங்கியபோது இழப்பும் நேர்ந்தது. களரியைச் சுற்றிச் சுற்றி ஆடி, ஒரே தருவைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் ஊறிவரும் சுவை மேடையில் கிட்டாது. அரச வேடத்தில் தம் ஊர்ப் பிள்ளையையே கண்டு களிக்கும் நெருக்கமும் குன்றும். ஆயினும் இராவணனின் அகப்போராட்டம் அங்கே செறிவுடன் புலப்பட்டது. இவ்விரு சுவையும் வெவ்வேறானவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் பொருந்தாது.

ஆகவே, வழியிசையும் முதலிசைக்கு நிகரான இன்பம் தரவல்லதே. ஆனால் அது முதலிசைக்கு மாற்றாகாது. கம்பனைக் கற்றவன் விரும்பின் வான்மீகியை நூலிற் காணலாம். கூத்தின் பாடல்களும் ஏட்டில் உள்ளன. ஆனால் அதன் ஆட்டமும் தாளக்கட்டும் அண்ணாவியாரின் வாயிலும் கையிலுமே வாழ்கின்றன. களரி கட்டப்படாமல் ஒரு தலைமுறை கழியுமாயின் மேடைக் கூத்தின் ஊற்றும் வற்றிவிடும். ஆதலின், போட்டிக்கெனச் சில நிமிடங்களாய்ச் சுருக்கிய கூத்தைப் பயிலும் மாணவன், ஓர் இரவேனும் களரியருகே விடியும்வரை அமர்ந்து முழுக் கூத்தையும் கேட்டல் வேண்டும்.