மார்கழியில் விழிக்கும் புழக்கடை

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய தேசங்களில் வீட்டையொட்டிக் காய்கறித் தோட்டம் போட்டு வாழ்கிறவனுக்குக் குளிர்காலம் என்பது தோட்டம் உறங்கும் காலம். ஸ்டாக்ஹோம் நகரத்தில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகற்பொழுது ஆறு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ஆகையால் உறைபனி இறங்குவதற்கு முன்பே உருளைக்கிழங்கையும் காரட்டையும் பீட்ரூட்டையும் பூமிக்குள் தோண்டிய நிலவறையில் சேர்த்துவிட்டு, வெளியே சுருட்டை இலையுடைய கோசுக்கீரை ஒன்றை மட்டும் அவர்கள் நிற்க விட்டுவைக்கிறார்கள். அந்தக் கீரை, குளிர் தாக்கும்போது தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு உறைந்துபோகாமல் பிழைக்கிற சாமர்த்தியம் உடையது. பனி பட்ட பிறகே அதில் தித்திப்பு ஏறுவதால், டேனியரின் கிறிஸ்துமஸ் விருந்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. அதே டிசம்பரில், பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடையிலுள்ள நமது ஆதம்பாக்கத்துப் புழக்கடைகளிலோ, வருஷத்தில் வேறெந்த மாதத்திலும் காணாத பூவும் பிஞ்சும் பந்தல் கொள்ளாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஏரியும் வயலுமாக இருந்த இந்தக் கிராமம் ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே உத்தியோகஸ்தர்கள் மனை வாங்கி வீடு கட்டியபோது, கிணற்றடியும் துவைக்கிற கல்லும் வாழைக்கன்றும் கறிவேப்பிலையும் கொண்ட ஒரு கொல்லையைப் பின்னால் விடுவது சம்பிரதாயமாகவே இருந்தது. அடுக்குமாடிகள் எழும்பி அந்தக் கொல்லைகளை விழுங்கிவிட்டன என்றாலும், இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே உற்று நோக்கினால், சுற்றுச்சுவருக்கு மேல் ஏறி நிற்கும் ஓர் அவரைக் கொடியை இன்னமும் காணலாம்.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொன்னபடி ஆடியில் ஊன்றிய விதை, ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடியும் இலையுமாகக் காடுபோலப் படர்ந்து, ஐப்பசி அடைமழையிலும் ஒரு மொட்டுக்கூட விடாமல் வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டு, கார்த்திகை முற்றும் தறுவாயில், யாரோ ஆணையிட்டாற்போல் வெள்ளையும் ஊதாவுமாகப் பூங்கொத்துக்களை நீட்டத் தொடங்குகிறது. ஆணையிடுவது இரவுதான். சில தாவரங்கள் பகலிரவின் நீளத்தைப் பொறுத்தே பூக்கின்றன என்ற உண்மையைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்துப் பரிசோதித்து 1920-இல் வெளியிட்டார்கள். நமது பந்தல் அவரையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்று பாகையில் இருக்கும் சென்னையில், ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மனிதர்களான நாம் சட்டென்று உணராத அந்தச் சிறு பேதத்தை அவரைக் கொடி துல்லியமாக உணர்கிறது.

பூ வந்துவிட்டால் கூடவே அசுவினியும் வந்துவிடும். பனிமூட்டமான காலை வேளைகளில், இளந்தண்டின் நுனி முழுவதும் கடுகைக் கொட்டி ஒட்டிவைத்ததுபோல் கறுத்துக் கிடக்கும் அந்தப் பூச்சியின்மீது, ஈரம் உலர்வதற்குள் விறகடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வைத்தியம். விறகடுப்பே இல்லாத இக்காலத்தில் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கிறார்கள். அதுவும் நன்றாகவே கேட்கிறது.

பரங்கிக் கொடியின் விஷயம் வேறு. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ப்பதால், மண்ணை மேடாக அணைத்து விதைக்காவிட்டால் பரங்கியின் வேர் அழுகிப்போகும். தப்பிப் பிழைத்த கொடிக்கு மார்கழியில் ராஜமரியாதைதான்; வாசலில் போட்ட கோலத்தின் நடுவே, சாணிப் பிள்ளையாரின் தலையில் ஏறுவதற்கு அதன் மஞ்சள் பூ வேண்டும் அல்லவா? சூரியோதயத்தை ஒட்டி விரிந்து, உச்சிப்போதுக்குள் சுருங்கிவிடும் அந்தப் பூவைப் பறிப்பதிலும் ஒரு விவரம் இருக்கிறது. “நீளமா, ஒல்லியாக் காம்பு இருக்கறதைப் பறிடி, அடியிலே குண்டுமணி மாதிரி பிஞ்சு இருக்கறதைத் தொடாதே” என்று கொல்லைக்கு அனுப்பும் பேத்தியிடம் பாட்டி சொல்வாள். காம்பு ஒல்லியானது ஆண்பூ. பெண்பூக்களைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் பூப்பது. கோலத்துக்குப் போனது போக இரண்டொன்று மிஞ்சினால் கொடிக்குப் போதும். மழை மூட்டத்தில் தேனீ வராத நாட்களில், அந்த ஆண்பூ ஒன்றின் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் உள்ளே தடவிவிடும் பெண்மணிகளும் உண்டு.

இப்படிக் காய்க்கிறவை யாவும் ஒன்றாகக் கூடும் நாள் திருவாதிரை. வறுத்த அரிசியும் பயற்றம்பருப்பும் வெல்லமும் சேர்ந்த களிக்குத் துணையாக வைக்கும் ஏழுகறிக் கூட்டில் என்னென்ன சேரலாம் என்பதற்கு எழுதாச் சட்டம் ஒன்று இருக்கிறது: அவரை, மொச்சை, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, சேம்பு, சிறுகிழங்கு என்று நாட்டுக்காய்களாகவே இருக்கவேண்டும், காரட்டுக்கும் கோசுக்கும் அங்கே பிரவேசமில்லை. இந்தச் சட்டத்தில் வேடிக்கையும் இல்லாமலில்லை. உருளைக்கிழங்கைச் ‘சீமைக்காய்’ என்று ஒதுக்கும் அதே குடும்பங்கள், உருளைக்கிழங்கைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பரங்கியையும் சர்க்கரைவள்ளியையும் எக்காலத்திலோ சுதேசிகளாகச் சுவீகரித்துக்கொண்டுவிட்டன. என் அபிப்பிராயத்தில், சட்டத்தின் மெய்யான தாத்பரியம் பிறந்த தேசத்தைப் பற்றியதன்று; அந்த மாதத்தில் கொல்லையில் எது விளைந்து கிடக்கிறதோ அதைக் கொண்டு பண்டிகையைச் செய் என்பதே அது. பஞ்சாங்கத்தை எழுதியவர்கள் புழக்கடையை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கவேண்டும்.

பொங்கலிலும் இதே கதைதான். பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்து, வைகாசி ஆனியில் நட்ட கிழங்கிலிருந்து எழுந்தது. தை பிறக்கும்போது அதன் இலை இன்னும் பச்சை வாடாமல் இருக்கும். இலை பழுத்துக் கிழங்கு முற்றி அறுவடையாவது அதற்குப் பின்னரே. மறுநாள் விடியற்காலையில் கனுப்பிடி வைக்கிற பெண்கள் அந்த இலையைத்தான் அறுத்துக் கழுவி மொட்டைமாடியில் விரித்து, மஞ்சளும் சிவப்புமாக நிறமேற்றிய சாதத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் தயிர்சாதத்தையும் சிறு சிறு உருண்டைகளாக வரிசையில் வைத்து, உடன்பிறந்தவர்களின் க்ஷேமத்தை வேண்டிக் காக்கைகளை அழைக்கிறார்கள். சுவீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸின்போது, கதிரடிக்காத ஓட்ஸ் கட்டு ஒன்றை நீண்ட கம்பத்தின் உச்சியில் கட்டிப் பனிக்குள் நிறுத்தி, இரையின்றித் தவிக்கும் சிறு பறவைகளுக்கு விருந்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே பறவைகள் உண்மையிலேயே பட்டினி. ஆதம்பாக்கத்துக் காக்கைக்கு அப்படியொரு நெருக்கடி கிடையாது. நான்கு மாடிகளில் நான்கு விருந்து காத்திருக்கையில் அது அவசரப்படுவதும் இல்லை.

மண்ணே இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்ற கேள்வி அந்தச் சீமையிலும் எழுந்ததுதான். ஸ்டாக்ஹோமில் 1906-ஆம் ஆண்டில் அன்னா லிண்ட்ஹாகன் என்னும் அம்மையார், நெருக்கமான குடியிருப்புகளில் வசித்த தொழிலாளர் குடும்பங்களுக்கு நகரத்துக்குள்ளேயே துண்டு துண்டாக நிலம் பெற்றுத் தந்து பயிரிடச் செய்வதற்கென்று ஒரு சங்கத்தை நிறுவினார். நம்மிடம் பிரித்துக் கொடுக்க நிலம் இல்லை, மொட்டைமாடி இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளையில், தென்னை நார்க் கழிவும் பைகளும் விதைகளும் உயிர் உரங்களும் சேர்ந்தே வருகின்றன. மஞ்சளும் இஞ்சியும் பையில் சொன்னபடி கேட்டு வளரும். பரங்கி, இடம் போதாமல் இலையோடு நின்றுவிடுவதே அதிகம், ஆதலால் கோலத்துக்குப் பூ வேண்டுவோர் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய் வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஆடியில் விதைக்கத் தவறியவர்களும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பகல் இரவு பேதத்தைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பருவத்திலும் பூக்கும் குட்டையான செடி அவரை ரகங்களைக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். ஐப்பசித் தொடக்கத்தில் பையில் ஊன்றி, மழைநீர் தேங்காமல் அடியில் துவாரம் விட்டு வைத்தால், சுமார் இரண்டு மாதத்தில் காய்ப்புக்கு வந்து திருவாதிரைக் கூட்டுக்கும் பொங்கல் குழம்புக்கும் உதவும். ருசியில் அது பந்தல் அவரைக்கு ஈடாகுமா என்று மட்டும் பழைய கொல்லைக்காரர்களிடம் கேட்கக்கூடாது. அவர்கள் ஒப்பவே மாட்டார்கள்.